துக்க வீட்டுக்கு வந்த நன்றி நாட்குறிப்பு

கணவரை இழந்த முதல் ஆண்டில் நான் எழுதிவந்த நன்றி நாட்குறிப்பு ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. அட்டையில் போட்டிருக்கும் விலை 599 ரூபாய். இணையத்தில் தள்ளுபடி போக 449 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தயாரித்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன். நான் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை, கடையில் எடுத்துப் புரட்டிப் பார்த்த வேறு நன்றி நாட்குறிப்புகளிலும் அப்படியே இருந்ததால், ஒருவர் மேல் மட்டும் பழியைப் போடுவது நியாயமாகாது. இதை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் இளம்பெண். "எழுதிப் பாருங்கக்கா, மனசு லேசாகும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஏற்கெனவே ஓரளவு நிம்மதியாக இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் நிம்மதி தேடுவதற்காக வடிவமைக்கப்பட்ட இப்படிப்பட்ட நோட்டு, துக்கத்தில் இருப்பவருக்குப் பயன்படுமா என்பதே என் கேள்வி. பயன்படும்; ஆனால் அதில் அச்சிட்டிருக்கிறபடியே எழுதினால் பயன்படாது.

பொருளாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. ஏ5 அளவு, கெட்டி அட்டை, நூல் தையல். மேசையில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாமல் தட்டையாகக் கிடக்கிறது. தாள் 100 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கிறார்கள். ஜெல் பேனாவைத் தாங்குகிறது, ஊற்றுப்பேனாவின் மை மட்டும் பின்பக்கம் நிழலாகத் தெரிகிறது. பின்னட்டையின் உட்புறத்தில் காகித உறை ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். புகைப்படம், காய்ந்த பூ போன்ற நினைவுப் பொருள்களை வைத்துக்கொள்ளவாம். என் வீட்டில் அதில் இருந்தவை வாரிசுச் சான்றிதழின் நகல்களும், மின் இணைப்பைப் பெயர் மாற்றக் கொடுத்த விண்ணப்பத்தின் ஒப்புகைச் சீட்டும், வங்கியில் கேட்ட இறப்புச் சான்றிதழ்களும்தாம். வடிவமைத்தவர்கள் நினைத்துப் பார்த்திராத பயன்பாடு என்றாலும், இந்த நோட்டு எனக்குச் செய்த முதல் உதவி அதுவே.

ஆறு மாதத்துக்கான நோட்டு இது. நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் மேல்பாதி காலைக்கு உரியது. 'இன்று நான் நன்றி கூறும் மூன்று', 'இன்றைய நாளை இனிதாக்கப்போவது எது?' என்று இரண்டு தலைப்புகள். கீழ்ப்பாதி இரவுக்கு: 'இன்று நடந்த நல்லவை'. அடியில் அழுத முகத்திலிருந்து சிரித்த முகம் வரை ஐந்து முகங்கள் வரிசையாக இருக்கின்றன. அன்றைய மனநிலைக்குப் பொருந்தும் முகத்தை வட்டமிட வேண்டும். வாரக் கடைசியில் மீள்பார்வைக்கென ஒரு பக்கம். தேதி அச்சிடப்படவில்லை, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். இந்த நோட்டின் மிகச் சிறந்த அம்சம் அதுதான் என்பேன். தேதி அச்சிட்ட டைரியாக இருந்தால், எழுதாமல் விட்ட நாட்களெல்லாம் வெற்றுப் பக்கங்களாக நின்று நம்மைக் கேள்வி கேட்கும். இதிலோ பத்து நாள் கழித்து வந்து எழுதினாலும் அடுத்த பக்கத்திலேயே தொடரலாம். மாதத் திதி வருகிற வாரத்தில் பேனாவைத் தொட மனம் வராது என்பதைத் துக்கம் கண்ட வீட்டார் எவரும் அறிவர். அந்த வாரத்துக்கும் சேர்த்துக் கணக்குக் கேட்காத நோட்டு என்பதே பெரிய ஆறுதல்.

ஐந்து முகங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. மகள் தனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்ன நாளில், நான் பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அதே நாளில், அந்தச் செய்தியைக் கேட்க அவர் இல்லையே என்று அழுதும் தீர்த்தேன். இரண்டில் எந்த முகத்தை வட்டமிடுவது? நடுவில் இருக்கும் சலனமற்ற முகத்தை வட்டமிட்டால் அது முழுப்பொய். துக்கத்தில் இருப்பவரின் மனநிலை ஒரு கோட்டின் மேல் முன்னும் பின்னும் நகர்வதில்லை. இரண்டும் ஒரே நாளில், சில வேளை ஒரே நாழிகையில், முழு அளவிலேயே வருகின்றன. சில வாரங்களில் அந்த வரிசையைக் கண்டுகொள்வதையே விட்டுவிட்டேன்.

காலைப் பகுதியும் எனக்கு உதவவில்லை. இழப்பு நிகழ்ந்த வீட்டில் விடியற்காலை என்பது நல்ல நேரம் அல்ல. கண் விழித்த சில நொடிகளுக்கு எல்லாம் பழையபடி இருப்பதாகத் தோன்றி, பிறகு நினைவு வந்து ஏறும் நேரம் அது. ஐந்தரை மணிக்குத் தண்ணீர் மோட்டார் போடுவது முப்பது ஆண்டுகளாக அவருடைய வேலை. இப்போது அந்தச் சுவிட்சைத் தட்டுவதில்தான் என் நாள் தொடங்குகிறது. அதை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, 'இன்றைய நாளை இனிதாக்கப்போவது எது?' என்ற கேள்விக்கு விடை தேடுவது எனக்கு இயலாத காரியமாக இருந்தது. இரவுப் பகுதி அப்படியல்ல. நடந்து முடிந்த நாளிலிருந்து எதையாவது எடுத்து எழுதுவதற்கு நம்பிக்கை தேவையில்லை, ஞாபகம் இருந்தால் போதும். துக்கத்தில் இருப்பவர் இந்த நோட்டை வாங்கினால் மேல்பாதியைக் கண்டுகொள்ள வேண்டாம் என்பது என் முதல் பரிந்துரை.

முகப்பில் பன்னிரண்டு பக்கங்களுக்கு 'பயன்படுத்தும் முறை' தந்திருக்கிறார்கள். தொடர்ந்து 21 நாட்கள் எழுதினால் நன்றியுணர்வு பழக்கமாகிவிடும் என்று அதில் உறுதியளிக்கிறார்கள். இந்த 21 எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதைதான். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், முகச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புதிய முகம் பழகக் குறைந்தது 21 நாட்களாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். கையோ காலோ துண்டிக்கப்பட்டவர்களுக்கு அந்த உறுப்பு இன்னும் இருப்பதாகத் தோன்றும் உணர்வும் அவ்வளவு நாள் நீடிக்கும் என்றார். 'குறைந்தது' என்ற சொல் நாளடைவில் உதிர்ந்துபோய், 21 என்ற எண் மட்டும் ஊரெங்கும் சுற்றுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் உடனாய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாவதற்கு ஆளுக்கு ஆள் 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை ஆகலாம் என்றும், நடுத்தரமாக 66 நாட்கள் ஆகின்றன என்றும் கணித்தார்கள். அது தண்ணீர் குடிப்பது, நடைப்பயிற்சி போன்ற எளிய பழக்கங்களுக்கான கணக்கு. முப்பது ஆண்டுத் துணை போன பிறகு நன்றி சொல்லப் பழகுவதற்கு எந்தக் கணக்கும் ஒத்துவராது.

முன்னட்டையில் 'அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது' என்று பொன்னிற முத்திரை ஒன்றும் இருக்கிறது. எதை, யாரிடம் நிரூபித்தார்கள் என்று உள்ளே எங்கும் சொல்லவில்லை. இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. அதன் முதல் பகுதியில் கல்லூரி மாணவர்கள் பத்து வாரங்களுக்கு, வாரம் ஒருமுறை, தாங்கள் நன்றியுணர்வு கொண்ட ஐந்து விஷயங்கள் வரை எழுதினார்கள். இன்னொரு குழுவினர் தங்களுக்கு எரிச்சலூட்டியவற்றை எழுதினார்கள். நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி அதிக நிறைவு தெரிவித்தார்கள். அதே ஆய்வின் மூன்றாம் பகுதியில் நரம்புத்தசை நோய் உள்ளவர்கள் 21 நாட்கள் எழுதினார்கள். அவர்களிடமும் பலன் தெரிந்தது. மார்ட்டின் செலிக்மனும் உடனாய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அன்றன்று நன்றாக நடந்த மூன்று செயல்களையும், அவை ஏன் நடந்தன என்பதையும், ஒரு வாரம் இரவுதோறும் எழுதியவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் மாற்றம் காணப்பட்டது. இவையெல்லாம் மதிக்கத்தக்க ஆய்வுகளே. ஆனால் இவற்றில் எதுவும் துணையை அண்மையில் இழந்தவர்களை வைத்து நடத்தப்பட்டதன்று. மாணவர்களிடம் பலித்தது மனைவியை இழந்தவரிடமும் கணவரை இழந்தவரிடமும் அதே அளவில் பலிக்கும் என்று பொன்முத்திரை குத்த இவை இடம் தரவில்லை.

அதைவிட எனக்கு வியப்பளித்தது, ஆய்வுகளில் இருந்த இரண்டு நுணுக்கங்களை நோட்டு செய்தவர்கள் கைவிட்டுவிட்டதுதான். முதலாவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை எழுதுவது என்பது. சோன்யா லுபோமிர்ஸ்கியும் உடனாய்வாளர்களும் ஆறு வாரங்கள் நடத்திய சோதனையில், வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களிடம் மகிழ்ச்சி கூடியது, வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களிடம் கூடவில்லை. அளவுக்கு மீறி எழுதினால் நன்றியும் வேண்டாவெறுப்பான வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். என் நோட்டிலும் நாள்தோறும் எழுதிய ஆரம்பப் பக்கங்களைப் பார்த்தால் 'மழை பெய்தது', 'தூங்கினேன்', 'காபி நன்றாக இருந்தது' என்று ஒப்புக்கு எழுதிய வரிகளே இருக்கின்றன. ஞாயிறு மாலைகளில் மட்டும் உட்கார்ந்து எழுதத் தொடங்கிய பிறகுதான் வரிகள் நீண்டன.

இரண்டாவது, 'ஏன்' என்ற கேள்வி. நல்லது நடந்தது என்று எழுதினால் போதாது, அது எதனால் நடந்தது என்றும் எழுத வேண்டும் என்பது 2005 ஆய்வின் பயிற்சி. இந்த நோட்டில் 'எது' இருக்கிறது, 'ஏன்' இல்லை. சின்ன விடுபடல்போலத் தோன்றினாலும், துக்கத்தில் இருப்பவருக்கு இந்த நோட்டு உதவுவதும் உதவாததும் அதைப் பொறுத்தே அமைகிறது. 'இன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டேன்' என்று எழுதிவிட்டு, ஏன் என்று கேட்டால், எதிர்வீட்டம்மா தன் வீட்டுக் குழம்பில் ஒரு கிண்ணம் எனக்கென எடுத்துவைத்தார் என்று எழுத வேண்டியிருக்கிறது. 'வங்கி வேலை முடிந்தது' என்பதற்கு ஏன் என்று கேட்டால், கூட்டம் நின்ற நேரத்தில் என்னை உட்காரச் சொல்லி நாற்காலி போட்டு, படிவத்தில் எந்தெந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்த அலுவலர் நினைவுக்கு வருகிறார். எந்த நல்லதுக்கும் பின்னால் ஆள் இருக்கிறார். நன்றியென்பது ஒருவருக்கு உரியது. யாருக்கென்று தெரியாத நன்றி, துக்க காலத்தில் தானாகவே வேறொன்றாகத் திரிந்துவிடுகிறது.

அப்படித் திரிவதற்கு இந்த நோட்டே வழி செய்கிறது என்பதுதான் என் பெரிய மனத்தாங்கல். வாரக் கடைசி மீள்பார்வைப் பக்கத்தில், 'இந்த வாரம் நடந்த கசப்பான நிகழ்வு ஒன்றில் ஒளிந்திருக்கும் நன்மை என்ன?' என்றொரு கேள்வி இருக்கிறது. கேதம் கேட்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகும் ஆறுதல் மொழிகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். கிடையில் விழாமல் போய்ச் சேர்ந்தாரே, அந்த மட்டும் புண்ணியம். மகளைப் படிக்கவைத்து முடித்துவிட்டுப் போனாரே. உனக்குச் சம்பளம் இருக்கிறதே, மற்றவர்களைப் போலக் கையேந்தவில்லையே. சொன்னவர்கள் எவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரியாதபோது மனிதர்கள் இப்படித்தான் பேசுவார்கள். ஆனால் அவர்கள் வாயிலிருந்து வந்ததை நானே என் கையால் எழுதி, அதற்குக் கீழே நன்றி என்று போட வேண்டும் என்பது வேறு. அவர் இறந்ததில் எனக்கு எந்த நன்மையும் இல்லை. அப்படி எழுதிக்கொள்ளாமலே, அந்த வாரத்தில் எனக்கு உதவியவர்களுக்கு என்னால் முழு மனத்தோடு நன்றி சொல்ல முடிந்தது. இழப்பிலிருந்து நன்மையைக் கறந்தெடுப்பது வேறு, இழப்பின் நடுவில் பிறர் செய்ததை மறவாதிருப்பது வேறு. இந்த நோட்டு இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறது. மீள்பார்வைப் பக்கங்களில் அந்தக் கேள்வியின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டேன்.

ஒட்டிய தாளின் மேல் நான் போட்டுக்கொண்டது மொய் நோட்டின் கட்டங்களை. எங்கள் மதுரைப் பக்கத்தில் காதுகுத்தானாலும் கல்யாணமானாலும் பந்தல் வாசலில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, ஊர், பெயர், தொகை என்று எழுதிக்கொண்டிருப்பார். அந்த நோட்டைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருப்பார்கள். நாளை அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது எடுத்துப் பார்த்து, குறையாமல் திருப்பிச் செய்வார்கள். மொய்யின் கெடுபிடிகளை நான் அறியாதவள் அல்லள். அதனால் கடன்பட்ட குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் செய்தவரின் பெயரை எழுதிவைத்து, திருப்பிச் செய்ய வேண்டும் என்ற நினைப்போடு வைத்திருக்கும் முறை நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது. 'பெயர், செய்தது, நாள், திரும்பச் செய்தது' என்று நான்கு கட்டங்கள் போட்டேன்.

அந்தப் பக்கங்களில்தான் இந்த நோட்டு எனக்கு உண்மையில் பயன்பட்டது. முதல் நாட்களில் நடந்தவற்றைப் பின்னோக்கி எழுதினேன். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று, சொல்லாமலே வேளைதோறும் சாப்பாடு கொண்டுவந்தவர்கள். மருத்துவமனையிலிருந்து உடலை வாங்கும்வரை என் அண்ணன் மகனோடு விடிய விடிய நின்ற, எனக்கு முகம்கூடச் சரியாகத் தெரியாத அவருடைய நண்பர்கள். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது, ஆவணம் ஒன்று விடுபட்டிருப்பதைக் கண்டு, திருப்பி அனுப்பாமல் மதியச் சாப்பாட்டை ஒத்திவைத்துக் காத்திருந்த இ-சேவை மையத்துப் பையன். சில மாதம் கழித்து, பக்கத்துத் தெருவில் புதுமனை புகுவிழாவுக்குப் போனபோது, வந்திருந்த பெண்களுக்கெல்லாம் தாம்பூலத் தட்டை நீட்டிக்கொண்டே வந்த அந்த வீட்டம்மா, என்னைத் தாண்டிப் போகாமல் என் முன்னாலும் குங்குமச் சிமிழோடு தட்டை நீட்டினார். எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை என்னிடமே விட்டுவிட்டார். கணவனை இழந்த பெண்களுக்கு அந்தத் தட்டு எப்படிச் சட்டென்று திசைமாறும் என்பதை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்றைய பதிவு ஒன்றரைப் பக்கம் போனது.

நான்காவது கட்டம் நிரம்பச் சற்றுக் காலமாகும். எதிர்வீட்டம்மாவின் மருமகள் பிரசவத்துக்கு மருத்துவமனையில் இருந்தபோது நான் சாப்பாடு எடுத்துப்போனது, அந்தக் கட்டத்தில் நான் எழுதிய முதல் பதிவு. வாங்கிக்கொண்டே இருப்பவளாக இருந்துவிட்டு, திரும்பவும் கொடுப்பவளாக ஆனபோது கிடைத்த தெம்பு, 'இன்று நடந்த நல்லவை' என்ற தலைப்பின்கீழ் எழுதிய எந்த வரியிலும் கிடைத்ததில்லை. இந்த நோட்டைத் தயாரிப்பவர்கள் அடுத்த பதிப்பில் ஒரே ஒரு மாற்றம் செய்வதாக இருந்தால், 'யார்?' என்ற கட்டத்தைச் சேர்க்கட்டும்.

நோட்டின் கடைசியில், கிழித்தெடுக்க வசதியாகத் துளையிட்ட ஆறு தாள்களை 'நன்றிக் கடிதம்' என்ற தலைப்பில் வைத்திருக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு. முன்சொன்ன 2005 ஆய்விலும், நன்றி சொல்லத் தவறியிருந்த ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களிடமே உடனடிப் பலன் மிக அதிகமாகத் தெரிந்தது, ஒரு மாதம் வரை நீடித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில், பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் அவர் அருகில் சிறிது நேரம் இருக்க என்னை அனுமதித்த இரவுப் பணிச் செவிலியருக்கு ஒரு தாளை எழுதிக் கொடுத்தேன். தம் பிரிவில் காலமானவரின் வீட்டாரிடமிருந்து கடிதம் வருவது அபூர்வம் என்றார்.

நோட்டில் இடமில்லாத இன்னொருவர் இறந்தவர். அன்றாடக் கேள்விகள் எல்லாம் 'இன்று' என்றும், வாரக் கேள்வி 'இந்த வாரம்' என்றும் தொடங்குவதால், நேற்றுவரை இருந்தவருக்கு நன்றி சொல்ல அதில் வழியில்லை. இறந்தவரிடமிருந்து மனத்தை விலக்கிக்கொள்வதே துக்கம் ஆறும் வழி என்ற பழைய கருத்து, 1996-இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் தொகுத்த ஆய்வுகளுக்குப் பிறகு வெகுவாக மாறிவிட்டது. உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பானதே என்று இப்போது ஏற்றுக்கொள்கிறார்கள். ஆண்டுதோறும் திதி கொடுத்து, பிடித்த பண்டத்தைப் படைத்து, அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும் வீடுகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுதும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை அவருக்கென ஒதுக்கினேன். அங்கே நன்றி மட்டும் எழுதவில்லை, கோபத்தையும் எழுதினேன். மின்வாரிய ரசீதுகளை எங்கே வைத்தார் என்று சொல்லாமல் போனதற்கு ஒரு பக்கம் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அதற்கடுத்த வாரம், பழைய ரசீதுகளை ஆண்டுவாரியாக நூல் கட்டி அட்டைப்பெட்டியில் வைத்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டு, அதே அளவுக்கு நன்றியும் எழுதியிருக்கிறேன்.

இந்த இரண்டு பக்க ஏற்பாட்டை நான் எந்தக் கோட்பாட்டையும் பார்த்துச் செய்யவில்லை. பின்னர் படித்தபோது, நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஸ்குட்டும் 1999-இல் முன்வைத்த விளக்கம் இதற்கு மிக நெருக்கமாக இருந்தது. துக்கத்தில் இருப்பவர் சில நேரம் இழப்பையே நோக்கியிருப்பார், சில நேரம் பெயர் மாற்றம், வருமானம், சமையல் என்று வாழ்க்கையைத் திரும்ப நிறுத்தும் வேலைகளில் இருப்பார். இந்த இரண்டுக்கும் இடையே போய்வந்துகொண்டிருப்பதே ஆரோக்கியமானது, ஒன்றிலேயே நின்றுவிடுவதன்று என்பது அவர்கள் கருத்து. நன்றியை மட்டும் கேட்டு, இழப்புக்கு ஒரு வரிகூட ஒதுக்காத நோட்டு, இந்தப் போக்குவரத்தில் ஒரு வழியை அடைத்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் இருந்ததால்தான் நன்றிப் பக்கத்தில் என்னால் பொய்யில்லாமல் எழுத முடிந்தது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கூடவே வரும் ஒட்டுப்படத் தாள் (வானவில், பலூன், 'நீ ஒரு நட்சத்திரம்') எதிர்வீட்டுக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. தேதியில்லாத நோட்டில் எதற்காகவோ பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சிறப்புப் பக்கங்கள் வைத்திருக்கிறார்கள். ஓராண்டுக்குப் பண்டிகை இல்லாத வீட்டில் அவை வெறுமனே கிடந்தன. கடைசியில் அந்தத் தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்த உறவினர்களின் பெயர்களை அங்கே எழுதிவைத்தேன். நோட்டோடு சேர்ந்து வரும் செயலியை நிறுவிக்கொள்ள வேண்டாம். காலை ஆறு மணிக்கு, 'இன்று இன்னும் நன்றி சொல்லவில்லையே!' என்று அது மணியடிக்கிறது. தொடர்ந்து எழுதிய நாட்களின் எண்ணிக்கையைக் காட்டி, ஒரு நாள் விட்டுப்போனால் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. மாதத் திதியன்று அந்த எண் பூஜ்யமானதைப் பார்த்துவிட்டு அன்றே நீக்கினேன்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வெளிநாட்டுத் தொழிலதிபர்கள், தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் முதலியோரின் பொன்மொழிகளைத் தமிழில் போட்டிருக்கிறார்கள். தமிழ் வாசகருக்காகத் தயாரித்த நோட்டில் புறநானூற்றின் 194-ஆம் பாட்டு இடம்பெறாதது எனக்கு வருத்தம். ஒரு வீட்டில் சாவுப்பறை ஒலிக்க, இன்னொரு வீட்டில் மணமுழவு ஒலிக்க, ஒருத்தி பூச்சூட, ஒருத்தி கண்ணீர் சொரியும்படி இவ்வுலகைப் படைத்தவனைப் 'பண்பிலாளன்' என்று நேருக்கு நேர் ஏசிவிட்டு, 'இன்னாது அம்ம இவ்வுலகம். இனிய காண்க இதன் இயல்புணர்ந் தோரே' என்று முடிக்கிறார் பக்குடுக்கை நன்கணியார். உலகம் இன்னாதது என்பதை முதலில் ஒப்புக்கொண்ட பிறகே இனியதைக் காணச் சொல்கிறார். பொன்மொழிகள் பலவும் அந்த முதல் வரியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

இந்த நோட்டால் செய்ய இயலாததையும் சொல்ல வேண்டும். அதை அவர்கள் எங்கும் அச்சிடவில்லை. துக்கம் நோயன்று, பெரும்பாலோருக்கு அது காலப்போக்கில் தணியும். ஆனால் சிலருக்கு, ஏக்கமும் வேதனையும் நாள்தோறும் சற்றும் குறையாமல் நீடித்து, அன்றாட வேலைகளையே முடக்கிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு ஆறு மாதத்துக்கு மேலும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் திருத்தி வெளியிட்ட கையேடு பெரியவர்களுக்கு ஓராண்டுக்கு மேலும் இப்படி நீடிப்பதை நீடித்த துக்கக் கோளாறு என்று வரையறுக்கின்றன. அந்த நிலையில் இருப்பவருக்கோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டுகிறவருக்கோ நன்றி நாட்குறிப்பு மருந்தாகாது. அவர்கள் எத்தனை மாதமானது என்று கணக்குப் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை முகப்புப் பக்கத்தில் போட ஒரு வரி இடம் போதும். பன்னிரண்டு பக்க முன்னுரையில் அந்த ஒரு வரிக்கு இடமில்லாமல் போனது மன்னிக்கத்தக்கதன்று.

காகிதத்துக்கும் கட்டமைப்புக்கும் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். துக்கத்தில் இருப்பவருக்கான உள்ளடக்கத்துக்கு ஒன்றரைக்கு மேல் தர இயலாது. 449 ரூபாய் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. தெருமுனைக் கடையில் கிடைக்கும் கோடு போட்ட நீள நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டு, எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. எனக்கு இந்த நோட்டு தீர்ந்ததும் அப்படித்தான் செய்துகொண்டேன். ஆனால் கெட்டி அட்டையும் நாடாவும் கொண்ட அழகான நோட்டாக இருந்ததால்தான் முதன்முதலில் திறந்து பார்த்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். யாரோ நமக்காகத் தேடி வாங்கிய பொருள் என்பதற்கும் மதிப்பு உண்டு.

எனவே, துக்கத்தில் இருக்கும் ஒருவருக்குப் பரிசாக வாங்க நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். பதினாறாம் நாளுக்கு முன் கொடுக்காதீர்கள். அப்போது வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், எழுத நேரமும் இராது, தெம்பும் இராது. வந்துபோகிறவர்கள் குறைந்து வீடு அடங்கும் மூன்றாம், நான்காம் மாதத்தில் கொடுங்கள். ஒட்டுப்படத் தாளையும் செயலிக்கான அட்டையையும் எடுத்துவிடுங்கள். நாள்தோறும் எழுதச் சொல்லாதீர்கள், எழுதினாயா என்று கேட்கவும் வேண்டாம். வெறும் நோட்டாகக் கொடுக்காமல், இறந்தவர் உங்களுக்கு எப்போதோ செய்த உதவி ஒன்றை, அவர் வீட்டாருக்குத் தெரிந்திராததாக இருந்தால் இன்னும் நல்லது, முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் எழுதிக் கொடுங்கள். எனக்குக் கொடுத்த பெண் அதைச் செய்திருந்தார்: வேலையில் சேர்ந்த புதிதில், மழையில் பேருந்து இல்லாமல் நின்ற அவரை, என்னை அழைத்துப்போக வந்த என் கணவர் முதலில் விடுதியில் கொண்டுபோய் இறக்கிவிட்டுவிட்டுத் திரும்பி வந்தாராம். அன்றைக்கு ஏன் அரைமணி நேரம் தாமதம் என்று நான் அவரிடம் சண்டை போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காரணத்தை அவர் சொல்லவே இல்லை.